கம்பியும் கான்கிரீட்டும்: திடப்பொருள்கள் நீள்வதும் வளைவதும் முறிவதும்

விசைக்கு உட்படும்போது சிறிதும் வடிவம் மாறாத திடப்பொருள் என்று எதுவும் இல்லை. இழுத்தால் நீளும், அழுத்தினால் குறுகும், முறுக்கினால் திருகும். பாறையும் எஃகும் இதற்கு விலக்கல்ல. அவற்றின் மாற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவில் நிகழ்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. விசையை நீக்கியதும் பொருள் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பினால் அப்பண்பு மீட்சிப்பண்பு எனப்படும். திரும்பாமல் நிலைத்துவிடும் மாற்றம் நெகிழ்வு உருமாற்றம் எனப்படும். அதற்கும் மேல் பொருளால் தாங்க முடியாதபோது முறிவு ஏற்படுகிறது. பள்ளி இயற்பியலில் இரண்டு மதிப்பெண் வினாவாக முடிந்துவிடும் இந்த மூன்று சொற்களின் மேல்தான் நாம் வசிக்கும் வீட்டின் கூரை நிற்கிறது.

இவற்றைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. சென்னை அசோக் நகரில் 1960களிலும் 70களிலும் எழுந்த பல வீடுகளும் குடியிருப்புகளும் இன்று இடிக்கப்பட்டு, அதே மனையில் அடுக்குமாடிகளாக உயர்கின்றன. தெருவுக்கு ஒரு கட்டுமான வேலையாவது நடக்கும் இப்பகுதியில், கம்பி வந்து இறங்குவது முதல் கூரை போடுவது வரை எல்லாக் கட்டத்திலும் இந்த இயற்பியல் வெளிப்படையாகவே நடந்துகொண்டிருக்கிறது.

ஒரே கம்பியில் இரண்டு பண்புகள்

கட்டுமானக் கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் ஆலையிலிருந்து வருகிறது. குறுகிய தெருவுக்குள் கொண்டுபோக வேண்டும் என்பதால் கடையிலேயே அதை நடுவில் மடக்கி, ஊசிக்கொண்டை போலாக்கி, சிறு லாரியிலோ மீன்பாடி வண்டியிலோ ஏற்றி அனுப்புவார்கள். வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியின் வால், ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் கீழும் துள்ளிக்கொண்டே போகும். துள்ளி முடிந்ததும் நேராகிவிடும். அது மீட்சி. மடக்கப்பட்ட இடமோ, கட்டவிழ்த்தாலும் மடங்கியே இருக்கும். அது நெகிழ்வு. ஒரே எஃகுதான், ஒரே கம்பிதான். வால் பகுதியில் விசை ஓர் எல்லைக்குள் இருந்தது. மடிப்பில் அந்த எல்லை கடக்கப்பட்டது.

அந்த எல்லையை எண்ணால் சொல்ல இரண்டு அளவுகள் வேண்டும். ஓரலகு பரப்பின்மீது செயல்படும் விசை தகைவு எனப்படும். அதன் அலகு பாஸ்கல். பொறியாளர்கள் பெரும்பாலும் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கணக்கிடுவர். ஒரு பொருளின் நீளத்தில் ஏற்படும் மாற்றத்தை அதன் தொடக்க நீளத்தால் வகுத்தால் கிடைப்பது திரிபு. நீளத்தை நீளத்தால் வகுப்பதால் திரிபுக்கு அலகு இல்லை.

12 மி.மீ. விட்டமுள்ள கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு ஏறத்தாழ 113 சதுர மி.மீ. இதில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்கினால் விசை சுமார் 600 நியூட்டன்; தகைவு சதுர மி.மீட்டருக்கு 5 நியூட்டனைச் சற்றே தாண்டும். அப்போது ஒரு மீட்டர் நீளக் கம்பி நீள்வது ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. கம்பி 'நீளவே இல்லை' என்று நமக்குத் தோன்றுவதன் காரணம் இதுதான்.

தகைவுக்கும் திரிபுக்கும் உள்ள நேர்விகிதத் தொடர்பை முதலில் கண்டவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். தன் கண்டுபிடிப்பை வேறு யாரும் தமதென்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக 1676-இல் அதை 14 இலத்தீன் எழுத்துகளைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டார். 1678-இல் புதிரை அவிழ்த்தார். நீட்சி எவ்வளவோ அவ்வளவே விசை என்பது அதன் கருத்து. இதுவே ஹூக் விதி. தகைவைத் திரிபால் வகுக்கக் கிடைக்கும் மாறிலி, 1807-இல் வெளியான தாமஸ் யங்கின் விரிவுரைகளை ஒட்டி யங் குணகம் எனப்படுகிறது. சதுர மி.மீட்டருக்கு நியூட்டன் என்ற அலகில் எஃகுக்கு இது ஏறத்தாழ 2,00,000. அலுமினியத்துக்கும் கண்ணாடிக்கும் 70,000 அளவில். வீடு கட்டும் சாதாரண கான்கிரீட்டுக்கு 25,000 அளவில். ரப்பருக்கு ஒற்றை இலக்கத்திலும் இருக்கலாம்.

இங்கே மாணவர்கள் அடிக்கடி தடுமாறும் ஓர் இடம் உண்டு. ரப்பரைவிட எஃகு மீட்சிப்பண்பு மிக்கது என்று பாடநூல் சொல்லும்போது அது தலைகீழாகத் தோன்றும். அன்றாடப் பேச்சில் 'எலாஸ்டிக்' என்றால் எளிதாக இழுபடுவது. இயற்பியலில், அதே அளவு திரிபை உண்டாக்க எவ்வளவு தகைவு தேவைப்படுகிறது என்பதுதான் கேள்வி. எஃகு அதிகம் எதிர்க்கிறது. ஆகவே அதன் குணகம் பெரிது. சொல் ஒன்றே, பொருள் இரண்டு.

நெகிழ்வுப் புள்ளியும் அதற்குப் பின்னும்

கம்பியை மேலும் மேலும் இழுத்தால் ஓர் இடத்தில் ஹூக் விதி முடிந்துபோகிறது. மீட்சி எல்லையைத் தாண்டி, நெகிழ்வுப் புள்ளியை அடைந்ததும் கம்பி விசையில் பெரிய ஏற்றம் இல்லாமலே நீளத் தொடங்கும். கடைகளில் 'எஃப்.இ. 500' என்று கேட்டு வாங்கும் கம்பியில் 500 என்ற எண் இதையே குறிக்கிறது: அதன் நெகிழ்வுத் தகைவு சதுர மி.மீட்டருக்குக் குறைந்தது 500 நியூட்டன். 12 மி.மீ. கம்பிக்குக் கணக்கிட்டால் சுமார் 56,500 நியூட்டன், அதாவது ஐந்தேமுக்கால் டன். அந்த நேரத்தில் ஒரு மீட்டர் கம்பி நீண்டிருப்பது இரண்டரை மில்லிமீட்டர்தான்.

அதன் பிறகும் கம்பி உடனே அறுந்துவிடுவதில்லை. தகைவு மெதுவாக ஏறி ஓர் உச்சத்தை அடைகிறது. பின்னர் ஏதோ ஓரிடத்தில் மட்டும் கம்பி ஒடுங்கிக் 'கழுத்து' உண்டாகி, அங்கே அறுகிறது. இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1786-இன்படி எஃப்.இ. 500 கம்பி அறுவதற்குள் குறைந்தது 12 சதவீதம் நீள வேண்டும், எஃப்.இ. 500டி கம்பி 16 சதவீதம். பெயரின் இறுதியில் உள்ள 'டி' கூடுதல் நீளும் தன்மையைக் குறிக்கிறது. இரண்டுக்கும் நெகிழ்வுத் தகைவு ஒன்றே. வீடு கட்டுவோர் பெரும்பாலும் 500-ஐப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது அந்த 'டி'-யையும்தான். நிலநடுக்கம் போன்ற வேளையில் ஒரு கட்டிடம் ஆட்டத்தின் ஆற்றலை உள்வாங்கிக்கொள்வது அதன் கம்பிகள் அறுகாமல் நீள்வதால்தான்.

எஃகு எப்படி அறுகாமல் நீள்கிறது? ஓர் உலோகப் படிகத்தில் அணுக்கள் அடுக்கடுக்காக உள்ளன. ஓர் அடுக்கு முழுவதையும் ஒரே நேரத்தில் மற்றோர் அடுக்கின்மேல் நகர்த்த வேண்டுமானால் தேவைப்படும் தகைவைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, அது உண்மையில் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு மிகுதியாக வந்தது. இந்தப் புதிருக்கு 1934-இல் ஜெஃப்ரி டெய்லர், மைக்கேல் போலான்யி, ஈகான் ஓரோவான் ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடையைத் தந்தனர்: படிகத்துக்குள் இடப்பெயர்வுகள் என்ற வரிசைக் குறைகள் இருக்கின்றன, அடுக்கு மொத்தமாக நகர்வதில்லை, குறைதான் நகர்கிறது. கல்யாண மண்டபத்தில் விரித்த பெரிய ஜமுக்காளத்தை ஒரு முழம் தள்ளிப்போட முழுவதையும் இழுப்பது கடினம். ஒரு ஓரத்தில் சிறு மடிப்பை உண்டாக்கி, அந்த மடிப்பை மறுகோடி வரை தள்ளிக்கொண்டு போனால் வேலை எளிதாக முடியும். உலோகம் நெகிழ்வதும் அப்படியே.

மடிப்புகள் பெருகிவிட்டால் ஒன்றையொன்று தடுக்கும். கட்டு கம்பியை ஒரே இடத்தில் இப்படியும் அப்படியும் வளைத்தால் முதலில் அவ்விடம் விறைப்பாவதும், பின்னர் ஒடிவதும் இதனால்தான். இதற்குத் திரிபுக் கடினமாதல் என்று பெயர். இதையே முன்பு ஆதாயமாகவும் பயன்படுத்தினர். சாதாரண எஃகுக் கம்பியைக் குளிர்ந்த நிலையில் முறுக்கி வலிமை கூட்டிய கம்பிகள் இந்தியாவில் ஒரு காலத்தில் பரவலாக இருந்தன. அந்த முறைக்குப் பதிலாக, உருட்டி வரும் சூடான கம்பியின்மேல் நீரைப் பாய்ச்சிப் புறத்தைக் கடினமாகவும் உட்புறத்தை நீளும் தன்மையோடும் ஆக்கும் டி.எம்.டி. முறை வந்துவிட்டது. ஆனாலும் பெயர் போகவில்லை; முறுக்கே இல்லாத கம்பியை இன்னும் 'முறுக்குக் கம்பி' என்றே நம் மேஸ்திரிகள் அழைக்கிறார்கள்.

மடக்கி வந்த கம்பியை நிமிர்த்தும்போது கவனிக்க வேண்டியதும் இங்கேதான் இருக்கிறது. மடிந்த இடம் தன் நீளும் திறனில் ஒரு பங்கை ஏற்கெனவே செலவழித்துவிட்டது. அதே இடத்தை மறுபடி மறுபடி வளைத்து நிமிர்த்தினால் கடினமான புறவளையத்தில் வெடிப்பு விழும். தூணிலிருந்து மேல்தளத்துக்காக விட்டுவைத்த கம்பிகள் வழியில் இடிக்கின்றன என்று வளைத்துவைத்துவிட்டு, சில மாதம் கழித்து நிமிர்த்துவது பல வேலையிடங்களில் காணக்கூடிய பழக்கம். அது நல்ல பழக்கம் அன்று.

கான்கிரீட்டின் வேறு குணம்

அப்பளத்தை வளைத்தால் வளையாது, உடையும். கழுத்து உண்டாகாது, எச்சரிக்கை வராது. கண்ணாடி, பீங்கான், வார்ப்பிரும்பு, கான்கிரீட் ஆகியவை இந்த நொறுங்கும் வகையைச் சேர்ந்தவை. இவற்றின் தனிப்பண்பு, அழுத்தத்தை நன்கு தாங்கி இழுவிசையில் எளிதில் தோற்பது.

எம்25 என்ற வகைக் கான்கிரீட்டில் 25 என்பது, 150 மி.மீ. பக்கமுள்ள கனசதுரத்தை 28 நாள் நீரில் ஊறவைத்து இயந்திரத்தில் நசுக்கும்போது அது தாங்க வேண்டிய தகைவு. கணக்கிட்டால் ஒரு சாண் அளவுகூட இல்லாத அந்தக் கட்டி 57 டன் சுமையைத் தாங்குகிறது. ஆனால் அதே கான்கிரீட்டை உத்தரமாக வார்த்து வளைத்தால், சதுர மி.மீட்டருக்கு மூன்றரை நியூட்டன் இழுவிசையிலேயே அடிப்புறம் வெடிக்கும் என்று ஐ.எஸ். 456 தரநிலையின் வாய்பாடு சொல்கிறது. ஏழில் ஒரு பங்கு.

காரணத்தை 1920-களின் தொடக்கத்தில் ஏ. ஏ. கிரிஃபித் கண்ணாடியைக் கொண்டு விளக்கினார். எந்தப் பொருளிலும் நுண்ணிய வெடிப்புகள் இருக்கும். இழுக்கும்போது வெடிப்பின் நுனியில் தகைவு குவிகிறது. வெடிப்பு நீள்வதால் விடுபடும் மீட்சி ஆற்றல், புதிய பரப்பை உண்டாக்கத் தேவையான ஆற்றலை விஞ்சிவிட்டால் வெடிப்பு தானே ஓடத் தொடங்கும். அழுத்தும்போது வெடிப்பின் வாய் மூடிக்கொள்கிறது. அதனால்தான் அழுத்தத்தில் இவை வலிமையாகத் தெரிகின்றன. எஃகில் வெடிப்பு நுனியிலுள்ள பகுதி நெகிழ்ந்து மழுங்கிவிடுவதால் ஓட்டம் தடைப்படும். கண்ணாடிக்கு அந்த வழி இல்லை.

தகைவுக் குவிவை வீட்டிலேயே பார்க்கலாம். பால் பாக்கெட்டைக் கையால் இழுத்துக் கிழிப்பது பெரும்பாடு. முனையில் பல்லால் ஒரு சிறு வெட்டு வைத்தால் போதும். ஷாம்பு பாக்கெட்டின் ஓரத்தில் ரம்பப் பல் போன்ற வெட்டுகள் இருப்பதும் இதற்காகவே. இழுக்கப்படும் தகடொன்றில் வட்டமான துளை இட்டால் துளையின் விளிம்பில் தகைவு மூன்று மடங்காகும் என்று கணக்கு காட்டுகிறது. கூர்மையான மூலை இருந்தால் இன்னும் மோசம். ஏ.சி. குழாய்க்காகவும் கழிவுநீர்க் குழாய்க்காகவும் உத்தரத்தில் துளை போடுபவர்கள், 'சின்ன ஓட்டைதானே' என்று சொல்லும்போது மறந்துவிடுவது இந்த மூன்று மடங்கைத்தான். அத்துளையில் ஒரு கம்பியும் வெட்டுப்பட்டால் கேட்கவே வேண்டாம்.

இரண்டும் சேரும்போது

கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கட்டும், எஃகு இழுவிசையைத் தாங்கட்டும் என்பதுதான் வலுவூட்டிய கான்கிரீட்டின் எளிய ஏற்பாடு. சூட்டில் இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் விரிவது இயற்கை தந்த வாய்ப்பு. இல்லையெனில் ஒரு சித்திரை வெயிலிலேயே இரண்டும் பிரிந்திருக்கும். விரிவு சிறியது என்று விட்டுவிடவும் முடியாது. 30 மீட்டர் நீளமுள்ள பால உத்தரம் 20 டிகிரி வெப்ப மாற்றத்தில் ஏழு மில்லிமீட்டர் நீளும். மேம்பாலத்தில் போகும்போது சீரான இடைவெளியில் கேட்கும் 'டக்... டக்' ஒலி, அந்த ஏழு மில்லிமீட்டருக்காக விட்டுவைத்த இணைப்புகளின் ஒலி.

கம்பி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பது, எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதைப் பொறுத்தது. இரு சுவர்களின்மேல் கிடக்கும் உத்தரம் நடுவில் தொய்கிறது, அடிப்புறம் நீள்கிறது, எனவே முதன்மைக் கம்பி அடியில். ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடிபட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலும் சன்ஷேடிலும் நிலைமை நேர்மாறு. அங்கே நீள்வது மேற்புறம். கம்பியும் மேலே இருக்க வேண்டும். வரைபடத்தில் சரியாகவே இருக்கும். கான்கிரீட் கொட்டும் நாளில் ஆட்கள் அந்தக் கம்பியின்மேல் மிதித்து நடக்க, அது கீழே இறங்கிவிடும். யாரும் கவனிக்காமல் கான்கிரீட் மூடிவிடும். சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் சன்ஷேட் விழுவதற்கும், மழைக்காலத்தில் பால்கனி சரிவதற்கும் இது ஒரு காரணம். கம்பியின் அளவும் தரமும் சரி. இருந்த இடம் மட்டும் நான்கு அங்குலம் தவறு.

மற்றொரு தவறான நம்பிக்கை, கம்பி கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது. உத்தரத்தில் கம்பியை அளவுக்கு மேல் போட்டால், சுமை மிகும்போது கம்பி நெகிழ்வதற்கு முன்பே மேற்புறக் கான்கிரீட் நொறுங்கிவிடும். அம்முறிவு திடீரென நிகழும். அளவாகப் போட்டிருந்தால் கம்பி முதலில் நெகிழும், உத்தரம் தொய்யும், அடியில் வெடிப்புகள் தெரியும், ஆட்கள் வெளியேற நேரம் கிடைக்கும். ஆகவே எஃகு முதலில் தோற்கும்படிதான் விதிமுறைகள் உத்தரத்தை வடிவமைக்கச் சொல்கின்றன. எப்போது உடையும் என்பதோடு எப்படி உடைய வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தீர்மானிப்பது பொறியியலின் வேலை.

அசோக் நகர் மெட்ரோ நிலையத்தை உள்ளடக்கிய கோயம்பேடு – ஆலந்தூர் உயர்மட்டப் பாதை 2015 ஜூன் 29 அன்று திறக்கப்பட்டது. 100 அடி சாலைக்கு மேலே செல்லும் அதன் உத்தரங்கள், முன்கூட்டியே வார்த்த துண்டுகளை வரிசையாகச் சேர்த்து, ஊடே எஃகு வடங்களைச் செலுத்தி இறுக்கிக் கட்டியவை. இது முன்தகைவுக் கான்கிரீட். அடுக்கிய புத்தகங்களை இரு கைகளாலும் பக்கவாட்டில் அழுத்திப் பிடித்துத் தூக்கினால் நடுப் புத்தகம் விழாதது போல, வடத்தின் இறுக்கம் கான்கிரீட்டை முழுவதும் அழுத்தத்திலேயே வைத்திருக்கிறது. ரயில் மேலே ஓடும்போது அடிப்புறத்தில் வரும் இழுவிசை அந்த அழுத்தத்தைக் குறைக்கிறதே தவிர, இழுவிசையாக மாறுவதில்லை.

இம்முறையைச் செயலுக்குக் கொண்டுவர நெடுநாள் ஆனதற்கும் ஒரு பொருளியல்பு காரணம். நைலான் கொடியை எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் சில வாரங்களில் ஈரத்துணியின் பாரத்தில் தொய்ந்துவிடும். மாறாத தகைவில் காலப்போக்கில் திரிபு கூடிக்கொண்டே போகும் இதற்குத் தவழ்ச்சி என்று பெயர். கான்கிரீட்டும் ஆண்டுக்கணக்கில் தவழ்ந்து, சுருங்கி, வடத்தைத் தளர்த்திவிடுகிறது. சாதாரண எஃகில் ஏற்றக்கூடிய இறுக்கம் சிறிது. தவழ்ச்சி அதில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மிக வலிமையான எஃகை மிக அதிகமாக இழுத்தால், இழப்பு போகவும் போதுமானது மிஞ்சும் என்று கண்டு 1928-இல் காப்புரிமை பெற்றவர் பிரான்சின் யூஜின் ஃப்ரெசினே.

தூண்கள்: எச்சரிக்கை இல்லாத இடம்

உத்தரத்தைத் தொய்ந்து எச்சரிக்கும்படி அமைக்கலாம். தூணுக்கு அந்த வசதி குறைவு. தூண் முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது; தோற்கும்போது கான்கிரீட் நொறுங்கியும் கம்பிகள் பக்கவாட்டில் பிதுங்கியும் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. ஒரு தூண் போனால் அதன் பாரம் பக்கத்துத் தூண்களுக்குத் தாவும். அவையும் விளிம்பில் நின்றிருந்தால் கட்டிடம் முழுவதும் சீட்டுக்கட்டாகச் சரியும்.

போரூரை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுவந்த 11 மாடிக் கட்டிடம் 2014 ஜூன் 28 அன்று மாலை மழையின்போது இடிந்து விழுந்தது. 61 பேர் இறந்தனர். பெரும்பாலோர் அங்கேயே தங்கி வேலை செய்த தொழிலாளர்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். மீட்புப் பணி நாள்கணக்கில் நடந்தது. அரசு அமைத்த நீதிபதி ரகுபதி ஆணையம் இதை விசாரித்தது. கட்டமைப்பு வடிவமைப்பின் குறைகளே விவாதத்தின் மையமாயின. அருகில் அதே திட்டத்தின் பகுதியாக எழுந்திருந்த மற்றொரு 11 மாடிக் கட்டிடம் பாதுகாப்பற்றது எனக் கருதப்பட்டு, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மழை பெய்தது உண்மை. ஆனால் சரியாக நிற்கும் கட்டிடத்தை ஒரு மாலை மழை வீழ்த்துவதில்லை.

தூணின் நொறுங்கும் தன்மையைக் குறைக்க மலிவான ஒரு வழி உண்டு. நெடுங்கம்பிகளைச் சுற்றி இடும் 'ரிங்'குகள் வெறும் கட்டுக்காக இருப்பவை அல்ல. நசுங்கும் கான்கிரீட் பக்கவாட்டில் விரிய முயலும். ரிங்குகள் பீப்பாயின் பட்டை போல அதை இறுக்கிப் பிடிக்கும். பிடிபட்ட கான்கிரீட் கூடுதல் சுமையையும், அதைவிட முக்கியமாக, கூடுதல் திரிபையும் தாங்கும். இதற்கு ரிங்குகள் நெருக்கமாக இருக்க வேண்டும். அவற்றின் கொக்கி முனை 135 டிகிரி வளைந்து தூணின் உள்ளே செல்ல வேண்டும். வெறும் 90 டிகிரியில் மடித்தால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்ததும் கொக்கி விரிந்து ரிங் திறந்துகொள்ளும். கம்பி கட்டுபவருக்குக் கூடுதலாக ஒரு வளைப்பு, அவ்வளவுதான் செலவு.

2001 ஜனவரி 26 அன்று நிகழ்ந்த குஜராத் நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்திலும் பல அடுக்குமாடிக் கட்டிடங்கள் விழுந்தன. தரைத்தளத்தில் சுவரில்லாமல் தூண்களை மட்டும் நிறுத்தி வாகன நிறுத்தமாக விட்டிருந்தவை அவற்றில் மிகுதி. மேலே சுவர்களோடு விறைப்பாக இருந்த மாடிகளின் மொத்த அசைவும் கீழ்த்தளத் தூண்களிலேயே திரிபாகக் குவிந்தது. அசோக் நகரில் இன்று எழும் அடுக்குமாடிகளில் ஏறக்குறைய எல்லாமே இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. 2002-இல் திருத்தப்பட்ட ஐ.எஸ். 1893 தரநிலை சென்னையை இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. அதற்கு முன் கட்டியவை பழைய கணக்கில் நிற்பவை.

மீண்டும் மீண்டும் வரும் சுமை

ஒருமுறை தாங்கிய சுமையை லட்சம் முறை தாங்கும் என்று சொல்ல முடியாது. நெகிழ்வுத் தகைவுக்கு வெகு கீழே இருக்கும் சுமைகூடத் திரும்பத் திரும்ப வந்தால், ஏதோ ஒரு கீறலில் தொடங்கி வெடிப்பு ஒவ்வொரு சுற்றிலும் இம்மியளவு வளரும். இது உலோகச் சோர்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் அச்சுகள் ஒடிந்ததை ஆராய்ந்து ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர் இதை முறையாக அளந்தார். 1954-இல் காமெட் என்ற ஜெட் பயணிகள் விமானங்கள் இரண்டு நடுவானில் சிதறியதும் இதனால்தான். ஒவ்வொரு பறப்பிலும் அறைக்குள் காற்றழுத்தம் ஏறி இறங்கியதில், திறப்புகளின் மூலைகளில் வெடிப்பு வளர்ந்தது. மாநகரப் பேருந்தின் பட்டை ஸ்பிரிங் ஒருநாள் சாதாரணப் பள்ளத்தில் ஒடியும்போது, குற்றம் அன்றைய பள்ளத்துடையது மட்டுமன்று. முந்தைய ஆண்டுகளின் எல்லாப் பள்ளங்களுக்கும் அதில் பங்குண்டு. பாலங்கள், கோபுரங்கள் போன்றவற்றின் உறுப்புகளை இவ்வாறு லட்சக்கணக்கான சுற்றுகளுக்கு உட்படுத்திச் சோதிக்கும் வசதி, தரமணியிலுள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் உண்டு.

துரு: உள்ளிருந்து வரும் விசை

கடற்கரை நகரமான சென்னையில் பழைய கட்டிடங்களை முறிப்பது பெரும்பாலும் வெளியிலிருந்து வரும் சுமை அன்று. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. உப்பின் குளோரைடு அப்படலத்தைக் குலைக்கும். உருவாகும் துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைப் பிடிக்கும். கான்கிரீட்டுக்கு உள்ளிருந்தே இழுவிசை பிறக்கிறது. அதைத் தாங்கும் வலிமையோ அதற்கு மிகக் குறைவு. முதலில் கம்பி போகும் திசையிலேயே நீளமான கோடு விழும். பிறகு பழுப்புக் கறை. பிறகு கூரையின் அடிப்புறம் பாளம் பாளமாக உதிர்ந்து கம்பி வெளியே தெரியும். கம்பியின் குறுக்குவெட்டு குறைந்துபோனதால் அதே சுமைக்குத் தகைவு ஏற்கெனவே கூடியிருக்கும்.

இக்கட்டத்தில் உதிர்ந்த இடத்தைச் சிமென்ட் பூசி வெள்ளையடித்து மறைப்பது, வாடகை வீடுகளில் குறிப்பாக, வழக்கமாக இருக்கிறது. பூச்சு சுமை தாங்காது. உள்ளே துருப்பிடிப்பது நிற்கவும் செய்யாது. துருவைச் சுரண்டி, குறைந்த கம்பிக்கு ஈடுசெய்து, பிறகே மூட வேண்டும்.

புதிதாகக் கட்டுவோர் கையில் இருப்பவை இரண்டு. ஒன்று, கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் இடையிலுள்ள கான்கிரீட் உறையின் தடிமன். ஐ.எஸ். 456 சாதாரணச் சூழலுக்கு 20 மி.மீ. என்றும் கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ. என்றும் வகுக்கிறது. 'கவர் பிளாக்' எனப்படும் சிறு கட்டிகளைக் கம்பிக்கு அடியில் வைப்பது இதற்காகவே. ஜல்லிக் கல்லை முட்டுக் கொடுப்பது அதற்கு மாற்றாகாது. மற்றொன்று தண்ணீர். கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது; கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு 2,000 வரை அனுமதி உண்டு. கோடையில் ஆழ்துளைக் கிணறு உப்பாகிவிட்ட மனையிலும், லாரியில் வரும் நீரிலும் இதைச் சோதித்துப் பார்க்காமல் கூரை போடுவதுண்டு. கலவை இளகலாக இருந்தால் கொட்ட எளிது என்று கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு வாளித் தண்ணீரும் பின்னர் ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும். 28-ஆம் நாள் கனசதுரம் நசுங்கும்போது காட்டும் எண் குறைவதும், உப்புக்காற்று கம்பியை எட்ட வழி திறப்பதும் அந்தத் துளைகளால்தான்.